நின்றால் நின்றுவிடும் கார்

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியில் மாலை ஆறரை மணிக்குச் சிவப்பு விளக்கு விழுந்தால், அது பச்சையாவதற்குள் ஒரு பொட்டலம் ஜால்முரி தின்று முடித்துவிடலாம். லேக் மார்க்கெட் பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி ஒருவருக்கு அந்த நேரம் வேறு விதமாகக் கழிந்தது. அவரது வெள்ளை அம்பாசிடரில் வலது பாதத்தின் ஒரு பாதி பிரேக்கிலும் மறு பாதி ஆக்சிலேட்டரிலும் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் இரண்டு முறை குலுங்கும், ஒரு முறை இருமும், பிறகு மௌனம். அன்று விளக்கு பச்சையானபோது வண்டி மௌனமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் அப்படி இருக்கவில்லை.

1985ல் வாங்கிய மார்க் 4 அது. ஓட்டத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். நின்றால்தான் நின்றுவிடுகிறது. வேதனை என்னவென்றால், மூன்று வாரம் முன்புதான் கார்புரேட்டர் முழுசாக ஓவர்ஹால் ஆகியிருந்தது. பெட்ரோல் கசிந்து வாசனை அடிக்கிறது என்று கொடுத்தார். மல்லிக் பஜாரில் வாங்கிய கிட்டிலிருந்து எல்லா கேஸ்கெட்டும், நீடில் வால்வும், ஆக்சிலேட்டர் பம்பின் டயாபிரமும், ஜெட்டுகளும் புதிதாகப் போடப்பட்டன. தேய்த்துக் குளிப்பாட்டிய கார்புரேட்டர் வெள்ளிப் பாத்திரம்போலத் திரும்பி வந்தது. கசிவு நின்றது. கூடவே ஐட்லிங்கும் நின்றது. ஓவர்ஹாலுக்கு முன்பு, பெட்ரோல் நாறினாலும் வண்டி ஒருவாறு சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

இது சிக்னல் அவமானத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர் சகித்துக்கொண்டிருப்பார். ஆனால் 2025 டிசம்பரில் வண்டியின் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். பதினைந்து ஆண்டு தாண்டிய சொந்த காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. கட்டணம் ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்றாயிற்று. பணத்தைக்கூடக் கட்டிவிடலாம். புகைச் சான்றிதழ் வேண்டுமே? பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனை நடப்பது இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போதுதான். இந்தத் தலைமுறை கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்குக்கும் மேல் போகக் கூடாது. ஐட்லிங்கே இல்லாத வண்டியின் பின்புறம் குழாயைச் செருகி எதை அளப்பது? பெட்ரோல் பங்க்கில் இருந்த இளைஞர் இரண்டு முறை முயன்றார். கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்துக்கும் கீழே காட்டியது. ஹைட்ரோகார்பன் 2,000ஐத் தாண்டியது. ஃபெயில்.

ஓவர்ஹால் செய்த பட்டறைக்குத் திரும்பப் போனார். அங்கே இருந்தவர் கார்புரேட்டரின் பக்கத்தில் இருந்த ஸ்லோ ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் மூன்று சுற்று உள்ளே திருகினார். இன்ஜின் உற்சாகமாக உறும ஆரம்பித்தது. நிற்காமல் ஓடியது, நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றில். முதல் கியர் போட்டால் பற்கள் கடித்துக்கொள்ளும் சத்தம். வீடு வந்து சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் அடங்காமல் நாலைந்து முறை உதறிவிட்டு நின்றது. மறுநாள் மறுபடி போனபோது, பழைய வண்டிதானே சார், ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்று அறிவுரை கிடைத்தது.

அந்தப் பட்டறைக்காரரை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. இன்றைக்கு முப்பது வயதுக்குக் கீழே உள்ள மெக்கானிக் எத்தனை கார்புரேட்டரைக் கழற்றியிருப்பார்? கார்களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் 90களின் இறுதியிலேயே வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. அம்பாசிடரோ, ஹூக்ளிக்கு அக்கரையில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு நின்றுபோன வண்டி. கம்ப்யூட்டரைச் செருகினால் இன்ஜின் தன் நோயைத் தானே சொல்லும் என்று பழகியவர் முன்னால், செருக இடமே இல்லாத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? கைக்கு எட்டுகிற ஸ்க்ரூவைத் திருகுவார்.

அந்த ஸ்க்ரூ என்ன செய்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

அம்பாசிடரில் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டர், உரிமம் பெற்று மெட்ராஸில் தயாரானது. (டிஸ்ட்ரிபியூட்டரும் சென்னைக்காரர்தான்: பாடியில் பிறந்த லூகாஸ் டிவிஎஸ்.) அதன் தொண்டைக்குக் கீழே பட்டர்ஃப்ளை என்று சொல்லப்படும் வட்டத் தகடு ஒன்று ஒரு குறுக்குத் தண்டில் சுழல்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும், காற்று பாயும், பாய்கிற காற்று மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். காலை எடுத்தால் தகடு ஏறக்குறைய மூடிவிடும். தொண்டையில் காற்றோட்டம் அற்பமாகிவிடுவதால் மெயின் ஜெட் செத்த மாதிரிதான். அப்போது இன்ஜினை உயிரோடு வைத்திருப்பது முற்றிலும் தனியான இன்னொரு குட்டிப் பாதை. பைலட் ஜெட் என்ற ஊசித் துளை வழியாக வரும் பெட்ரோல், கொஞ்சம் காற்றோடு கலந்து, தகட்டுக்குக் கீழே உள்ள ஒரு துவாரத்தில் போய்ச் சேர்கிறது. அந்தத் துவாரத்தின் வாயில் ஒரு கூம்பு முனை ஸ்க்ரூ; மெக்கானிக்குகள் மிக்ஸர் ஸ்க்ரூ என்பார்கள். அதை வெளியே திருகினால் பெட்ரோல் கலவை கூடும், உள்ளே திருகினால் குறையும். மூடிய தகட்டின் விளிம்பை ஒட்டி இன்னொரு சின்னத் துளையும் உண்டு. தகடு லேசாகத் திறக்கும்போது அது வெளிப்பட்டு, குட்டிப் பாதையிலிருந்து பெரிய பாதைக்கு இன்ஜின் தடுமாறாமல் மாற உதவும்.

ஸ்லோ ஸ்க்ரூ செய்வது தகட்டை முழுக்க மூடவிடாமல் முட்டுக்கொடுப்பது மட்டுமே. அதை மூன்று சுற்று திருகினால் தகடு தூக்கிக்கொள்ளும். விளிம்புத் துளை வெளியே வந்து அதன் வழியாகப் பெட்ரோல் ஓடும். இன்ஜின் நிற்காமல் ஓடும், உண்மை. ஆனால் அது ஐட்லிங் அல்ல. கார் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதாக இன்ஜினை நம்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நிலையில் மிக்ஸர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் பெரிய மாற்றம் தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயின் வாயும் தகட்டின் விளிம்பருகேதான் இருக்கிறது; தகடு தூக்கினால் ஸ்பார்க்கின் நேரமும் முன்னுக்கு நகர்ந்து குழப்பத்தைக் கூட்டும். நோயை மறைத்ததோடு, நோயைக் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்தாயிற்று.

சும்மா இருப்பது லேசான காரியமல்ல என்று சித்தர்கள் சொன்னது இன்ஜினுக்கும் பொருந்தும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மறைந்துபோகும் நூறு கோளாறுகள் சும்மா நிற்கும்போது எட்டிப் பார்க்கும்.

பவானிபூர் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் எழுபது வயது மிஸ்திரியிடம் வண்டி போய்ச் சேர்ந்தது ஒரு நண்பரின் தயவில். மிஸ்திரி பானெட்டைத் திறக்கவில்லை. “தாதா, பொல்யூஷன் சீட்டு இருக்கிறதா?” என்று கேட்டார். (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். சென்னை அர்த்தம் கொள்ள வேண்டாம்.) ஃபெயிலான சீட்டை எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் காரின் சொந்தக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

சீட்டில் இரண்டே எண்கள்தான். ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு அது ரத்தப் பரிசோதனை அறிக்கை. பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் திணறினால் கார்பன் மோனாக்சைடு எகிறும். இங்கே அது குறைவு. ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் சில சிலிண்டர்களில் சில சமயம் கலவை தீப்பிடிக்காமலே வெளியே போகிறது. ஒன்று ஸ்பார்க் தவறுகிறது, அல்லது தீப்பிடிக்க முடியாத அளவுக்குக் கலவையில் காற்று அதிகம். மிஸ்திரி அடுத்த கேள்வி கேட்டார்: “சோக்கைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் நிற்கிறதா?” நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்றே இத்தனை நாள் அவருக்குத் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சோக்கை இழுத்தால் சரியாகிறது என்றால் இன்ஜின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று பொருள்.

அப்படியும் மிஸ்திரி கார்புரேட்டரைத் தொடவில்லை. ஓவர்ஹால் ஆன பொருள்மீதே எல்லோருடைய சந்தேகமும் விழுவது இயல்பு. அதனாலேயே அதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பது பழைய ஆட்களின் முறை. முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி சி.பி. பாயின்ட்டின் இடைவெளியைப் பார்த்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பட்டறை மொழியில் பதினைந்து தவ். சரியாக இருந்தது. பிளக்குகளின் முனை வெளுத்திருந்தது, கரி இல்லை. டாப்பெட் இடைவெளிகளில் ஒன்று இறுக்கம், அதைச் சரிசெய்தார். டைமிங் சரி.

பிறகு ஸ்லோ ஸ்க்ரூவை மூன்று சுற்று பின்னால் எடுத்தார். உதவியாளப் பையன் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்துக்கொள்ள, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒயரை எடுக்கும்போது இன்ஜினின் சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜினில் ஒரு விசேஷம் உண்டு. நான்கு சிலிண்டருக்கும் காற்று நுழைய இரண்டே வாசல்கள். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பகிர்ந்துகொள்ளும், மூன்றும் நான்கும் இன்னொன்றை. மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஒரு பக்கம் காற்று எடுத்தால் அந்தப் பக்கத்து இரட்டையர் மட்டும் சோர்ந்து போவார்கள். இங்கே நால்வரும் ஒரே மாதிரி சோர்ந்திருந்தார்கள். ஆக, கோளாறு நால்வருக்கும் பொதுவான இடத்தில். இனிமேல்தான் கார்புரேட்டர்.

இதே நிலையில் கண்டுபிடிக்கும் தலைவலி வேறு வண்டிகளில் வேறு மாதிரி இருந்திருக்கும். பிளக்குகள் கறுத்து, புகை கறுத்து, சோக்கை இழுத்ததும் இன்ஜின் இன்னும் மூச்சுத்திணறினால் தேட வேண்டிய இடங்கள் வேறு. மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் ஏறியிருக்கலாம்; காதருகே குலுக்கினால் கேட்கும், வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி விடும். பித்தளை மிதவையை ஈயம் வைத்து ஒட்டினால் எடை கூடி மட்டம் ஏறிவிடும். நீடில் வால்வுக்கு அடியில் போடும் வாஷரின் தடிமன்தான் சோலெக்ஸில் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. கிட்டில் வந்த மெல்லிய வாஷரைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. இன்னொன்று, இந்த சோலெக்ஸில் சோக் என்று நாம் சொல்வது தொண்டையை மூடும் கதவல்ல. பக்கவாட்டில் துளைகள் போட்ட ஒரு வட்டத் தகடு. கேபிளின் நீளம் தவறி அந்தத் தகடு முழுக்கத் திரும்பி மூடாமல் நின்றால், சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ரகசியமாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இவை எல்லாம் பெட்ரோல் கூடுதலாகும் நோய்கள். இந்த வண்டிக்கு வந்தது எதிர் நோய்.

மிஸ்திரி ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். இன்ஜின் சட்டென்று சீராக ஓடியது. கையை எடுத்ததும் மறுபடி குலுக்கல். ஒன்று பைலட் ஜெட்டின் வழி அடைபட்டு பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ புகுந்துகொண்டிருக்கிறது. மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகினார். இன்ஜின் சாகப் போனது. வெளியே திருகினார், கொஞ்சம் தேறியது. வழி அடைபடவில்லை, பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடைபட்டிருந்தால் ஸ்க்ரூவின் எந்தப் பேச்சையும் இன்ஜின் கேட்டிருக்காது.

ஆக, காற்று. அம்பாசிடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிறது. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அங்கே பீய்ச்சும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பானெட்டோடு பட்டறையையும் கொளுத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. மிஸ்திரி எடுத்தது எண்ணெய்க் கேன். பட்டர்ஃப்ளையின் குறுக்குத் தண்டு கார்புரேட்டரின் உடம்பை விட்டு வெளியே வரும் இரண்டு முனைகளிலும் கெட்டியான இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஐந்தாறு விநாடி இன்ஜின் அமைதியானது. எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டதும் மீண்டும் குலுக்கல். தண்டின் முனையை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடியது. ஆட்டத்துக்கு ஏற்ப இன்ஜின் சத்தமும் ஏறி இறங்கியது.

நாற்பது ஆண்டாக ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் அந்தத் தண்டு தன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. துளை நீள்வட்டமாகியிருந்தது.

இவ்வளவு சின்ன இடுக்கில் என்ன புகுந்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். இந்த இன்ஜின் 700 சுற்றில் ஐட்லிங்கில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 லிட்டர் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. மூடிய தகட்டுக்குக் கீழே கடும் வெற்றிடம். அங்கே ஒரு சதுர மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் காற்று புகுந்துவிடும். அதாவது 7 சதவீதம். தண்டின் இரண்டு முனையிலும் தலைமுடி அளவு தேய்மானம் இருந்தால் இரண்டு, மூன்று சதுர மில்லிமீட்டர் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். அதே இன்ஜின் மூவாயிரம் சுற்றில் முழு மிதியில் ஓடும்போது நிமிடத்துக்கு 1,800 லிட்டர் அளவுக்கு இழுக்கும். அப்போது வெற்றிடமும் அனேகமாக இருக்காது. இடுக்கு வழியாக வருவது கணக்கிலேயே சேராது. பாலத்தில் வழுக்கிக்கொண்டு போன வண்டி நாற்சந்தியில் விழுந்த காரணம் இதுதான்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தண்டு மூன்று வாரத்தில் தேய்ந்துவிடவில்லை. ஓவர்ஹாலுக்கு முன்பும் இதே ஆட்டம்தான். அப்போது எப்படி நின்றது?

பழைய பாகங்களை முதல் பட்டறைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மிஸ்திரி பையைக் கொட்டி, பழைய பைலட் ஜெட்டைப் பொறுக்கி எடுத்து, புதிய ஜெட்டையும் கழற்றி, இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் இத்தனை பங்கு என்று. 45 என்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டிலும் ஒரே எண். ஆனால் பழையதன் துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. அடைப்பு எடுக்கிறேன் என்று ஆண்டுக்கணக்கில் யார் யாரோ கம்பி விட்டுக் குடைந்த வேலை. பித்தளை கம்பிக்கு ஈடு கொடுக்காது.

அதாவது, தண்டின் ஓரமாகக் காற்று கள்ளத்தனமாகப் புகுந்தது. பெருத்த ஜெட்டும் கசிகிற நீடில் வால்வும் கள்ளத்தனமாகப் பெட்ரோலைக் கூட்டின. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு பல ஆண்டு ஒத்துமையாகக் குடும்பம் நடத்தின. ஓவர்ஹால் ஒரு தப்பை மட்டும் திருத்தியது. சரியான ஜெட், கசியாத வால்வு, புதிய கேஸ்கெட். மற்றது தனியாக மாட்டிக்கொண்டது. கிட் என்பது கிட்டில் இருப்பதை மட்டுமே மாற்றும். குறுக்குத் தண்டும் அதன் துளையும் எந்தக் கிட்டிலும் வருவதில்லை. ஓவர்ஹால் என்ற சொல்லை நம்பிக் காசு கொடுப்பவர்கள், உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை, பட்டறைகளும் சொல்வதில்லை.

பழைய ஜெட்டையே திரும்பப் போட்டால் இன்றே வண்டி நிற்கும். சொந்தக்காரர் அதைத்தான் கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு, டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ்திரி மறுத்தார். ஆடுகிற தண்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். காற்றின் அளவும் ஒவ்வொரு முறையும் மாறும். மாறுகிற ஓட்டைக்கு மாறாத ஜெட்டால் ஈடு கட்ட முடியாது. “ஒரு சிக்னலில் நிற்கும், அடுத்ததில் நிற்காது. பொல்யூஷன்காரனிடம் போகும்போது எது வரும் என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.”

கார்புரேட்டர் கழற்றப்பட்டு லேத் பட்டறைக்குப் போனது. துளைகளை இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் பெரிதாக்கி, பித்தளை புஷ் அடித்து, புதுத் தண்டு பொருத்தினார்கள். இதில் கோணம் அரை டிகிரி தவறினால் பட்டர்ஃப்ளை தொண்டையில் சிக்கும். சொல்வதைவிடச் செய்வது கடினம். தகட்டைத் தண்டில் மாட்டும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களைத் தளர்வாக விட்டு, தகட்டைப் பலமுறை சட்டென்று மூடி அது தானாகவே நடுவில் உட்காரும்படி செய்த பிறகே மிஸ்திரி இறுக்கினார். அந்த ஸ்க்ரூக்களின் வால் முனையை லேசாகத் தட்டி விரித்தும் விட்டார். கழன்றால் அவை விழும் இடம் சிலிண்டர்.

கழற்றியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. முதல் பட்டறையில் கார்புரேட்டரை உட்கார்த்தியபோது கிட்டில் வந்த தடித்த மெத்து கேஸ்கெட்டை வைத்து, நட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் முடுக்கியிருந்தார்கள். அடிப்பட்டையின் இரண்டு காதுகளும் கீழ்நோக்கி வளைந்து, நடுவில் பிறை போன்ற இடைவெளி. அங்கேயும் காற்று. தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் எமரி தாளை விரித்து, அடிப்பட்டையை எட்டு வடிவத்தில் அரை மணி நேரம் தேய்த்து மட்டமாக்கினார்கள். மெல்லிய கேஸ்கெட், இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குதல், போதும்.

வண்டி நின்றது. அதாவது, நின்று ஓடியது. ஆனாலும் மிக்ஸர் ஸ்க்ரூவை வழக்கமான ஒன்றரைச் சுற்றில் வைத்தபோது சத்தத்தில் ஒரு வறட்சி இருந்தது. மிஸ்திரி அதற்கு மட்டும் ஆச்சரியப்படவில்லை. இப்போதெல்லாம் எல்லாப் பழைய வண்டிக்கும் இப்படித்தான் என்றார்.

காரணம் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. 2025ல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். அது தன் காற்றைத் தானே கொஞ்சம் கொண்டுவருகிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு சுமார் 13.5 போதும். பழைய அளவு ஜெட்டில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை எட்டு சதவீதம் அளவுக்கு வறண்டுவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் பார்த்து ஈடு செய்துகொள்ளும். 1985 சோலெக்ஸுக்கு ஈடு செய்யும் சென்சார் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கைதான். தண்டு எடுத்த காற்றும் எத்தனால் கொண்டுவந்த ஆக்சிஜனும் சேர்ந்த பாரத்தில்தான் வண்டி அத்தனை நாள் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைப்பதும், டாங்கின் அடியில் படிந்த துருவைக் கிளப்பி ஜெட்டுக்கு அனுப்புவதும் தனிக் கதை. மிஸ்திரி பெட்ரோல் பம்புக்கு முன்னால் பத்து ரூபாய்த் தாள் அளவுகூட இல்லாத ஒரு ஃபில்டரைச் செருகிவிட்டார்.

டியூனிங் பதினைந்து நிமிட வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜ் மாட்டப்பட்டது. மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக வெளியே எடுக்க, முள் ஏறிக்கொண்டே வந்து பதினெட்டு அங்குலத்தில் ஆடாமல் நின்றது. சுற்று வேகம் கூடியதும் ஸ்லோ ஸ்க்ரூவைப் பின்னால் எடுத்தார். மறுபடி மிக்ஸர், மறுபடி ஸ்லோ. மூன்றாவது தடவையில் இரண்டுக்கும் சமாதானம் ஏற்பட்டது. 700 சுற்று. கடைசியில் மிக்ஸர் ஸ்க்ரூவை முள் லேசாக இறங்கும் வரை உள்ளே தள்ளினார். இன்ஜின் கேட்கும் அளவு வேறு, புகை இயந்திரம் அனுமதிக்கும் அளவு வேறு என்பது அவருக்குத் தெரியும்.

பெட்ரோல் பங்க் இளைஞர் குழாயைச் செருகினார். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள். ஹைட்ரோகார்பன் முன்பு காட்டியதில் பாதிகூட இல்லை. சீட்டு அச்சாகி வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருப்பதே தெரியவில்லை என்று அவர் சொன்னது, நாற்பது ஆண்டு அம்பாசிடருக்குச் சற்று மிகையான பாராட்டுதான்.

மிஸ்திரி பானெட்டின் உள்பக்கத்தில் சாக்பீஸால் இரண்டேகால் என்று எழுதி வைத்திருக்கிறார். மிக்ஸர் ஸ்க்ரூ நிற்க வேண்டிய சுற்று அது. புஷ் பழகிய பிறகு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஸ்க்ரூடிரைவரோடு யாரையும் கிட்டே விடக் கூடாது என்பது நிபந்தனை. கம்பி குடைந்த பழைய ஜெட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. சம்மட்டியால் ஒரே அடியில் தட்டையாக்கி, பழைய பித்தளை டப்பாவில் எறிந்தார்.